ஸ்பிரிங் மாத்தின கதை

பரண்ல கிடந்த அப்பாவோட ஏர் கன்னை ஒரு ஞாயித்துக்கிழமை கீழே இறக்கினேன். குழலை மடக்கி ரவை போடுற வகை. மெரினாவுல பலூன் சுடுற கடையில வச்சிருப்பாங்களே, அதே ஜாதி. மடக்கினா தொளதொளன்னு வந்தது. சுட்டா, பத்தடி தள்ளி வச்ச அட்டைப்பெட்டியில பட்டு ரவை திரும்பி என் காலடியிலயே விழுந்தது.

கடையில விசாரிச்சேன். "ஸ்பிரிங் செத்துப் போச்சு சார். ஹெவி ஸ்பிரிங் போடுங்க, சும்மா பறக்கும்" அப்படின்னார் கடைக்காரர். வாங்கிட்டு வந்து நானே மாட்டினேன். பறந்தது ரவை இல்லீங்க, ஸ்பிரிங்! பின்மூடியைத் திருகும்போது கை வழுக்கி, எதிர்ச் சுவத்துல போய் அடிச்சது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கு. நடுவுல என் மூஞ்சி இல்லாதது போன ஜென்மத்துப் புண்ணியம்.

ரெண்டாவது தடவை நண்பனைத் துணைக்கு வச்சுக்கிட்டு ஒருவழியா மாட்டினேன். சுட்டா பட்டாசு சத்தம், தோள்ல கழுதை உதை. ஆனா அப்பா சுட்டா நாலணா அகலத்துக்குள்ள விழுற குறி, எனக்குத் தோசை அகலத்துக்குச் சிதறிச்சு. எங்கே தப்பு பண்ணினேன்னு தேடப் போய்த்தான் இந்த வரலாறு கையில கிடைச்சது. நான் ஒரே நாள்ல பண்ணின தப்பை, இங்கிலாந்துக்காரங்க பல வருஷம் பண்ணி, அளந்து பார்த்துத் திருந்தியிருக்காங்க.

முதல்ல உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்துடுவோம். இந்த வகைத் துப்பாக்கியில காத்து முன்கூட்டியே அடைச்சு வச்சிருக்காது. குழலை மடக்கும்போது ஒரு சுருள் ஸ்பிரிங் அமுங்கிப் பின்னால மாட்டிக்கும். விசையை அழுத்தினதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால தள்ளும், முன்னால இருக்கிற காத்து நசுங்கி, ஒரு சின்ன ஓட்டை வழியா ரவையின் முதுகில் மோதும். நம்ம சைக்கிள் பம்பை ஒரே ஒரு தடவை பேய் வேகத்துல அடிச்சா எப்படியோ அப்படி. அந்தக் காலத்துப் பிஸ்டன் தலையில இருந்ததும் பம்புல இருக்கிற மாதிரி தோல் வாஷர்தான். பம்ப் அடிச்சா அடிப்பக்கம் சுடும் இல்லையா? இங்கே அதே வேலை ஒரு நொடியில நூறில் ஒரு பங்கு நேரத்துல முடியறதால, காத்தோட சூடு நூற்றுக்கணக்கான டிகிரிக்கு எகிறும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இன்னொரு விஷயம். ஸ்பிரிங் முன்னால பாயும்போது துப்பாக்கி பின்னால உதைக்கும். பிஸ்டன் போய் முட்டி நின்னதும் துப்பாக்கி முன்னால இழுக்கும். இந்த ரெண்டு உதையும் ரவை குழலை விட்டு வெளியேறுற நேரத்துக்குள்ளேயே நடந்துடுது. அதனாலதான் பெரிய வேட்டைத் துப்பாக்கிக்குத் தாங்குற தொலைநோக்கி கூட இதுல மாட்டினா சில சமயம் உடைஞ்சு போகும். ஸ்பிரிங்கைப் பலமாக்கினா ரெண்டு உதையும் சேர்ந்து பெருசாகும். என் தோசைக்குக் காரணம் இதுதான்.

இனி வரலாறு.

பர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளி லிங்கன் ஜெஃப்ரீஸ் 1904ல் ஒரு காப்புரிமை வாங்கினார். குழல் அசையாம நிலையா இருக்கும், அடியில இருக்கிற நெம்புகோலை இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கணும். போயர் போர் 1902ல் முடிஞ்சு ராணுவ ஆர்டர் குறைஞ்சிருந்த பிஎஸ்ஏ தொழிற்சாலை, 1905லிருந்து இதைச் செய்ய ஆரம்பிச்சது. அதுவரை வீட்டுக்கூடத்துப் பொம்மையா இருந்த ஏர் கன், குறி தவறாத கருவியாச்சு. அந்தப் பகுதி மதுக்கடைகள்ல ஒரு போட்டி உண்டு. இரும்புத் தகட்டுல சின்ன ஓட்டை, அதுக்குப் பின்னால மணி. ஓட்டை வழியா ரவை போனா மணி அடிக்கும். அங்கே வேகம் யாருக்கு வேணும்? மணி அடிச்சா போதும்.

ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு, ஜெர்மனியில 1950 வாக்குல ஏர் கன் தயாரிப்பு மறுபடி துளிர் விட்டது. வைராக் கம்பெனியின் ஹெச்டபிள்யூ 35 வந்தது 1951ல். அதுக்கப்புறம் நல்ல எஃகு, நல்ல விசை, பெரிய சிலிண்டர்னு வேகம் ஏறிக்கிட்டே போச்சு. ஏர் கன் பொம்மையா ஆயுதமான்னு அரசாங்கங்களுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. பிரிட்டன்ல 1968ல் துப்பாக்கிச் சட்டம், அதை ஒட்டி 1969ல் விதிகள். ஏர் ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு (சுமார் 16 ஜூல்), கைத்துப்பாக்கிக்கு 6. அதைத் தாண்டினா உரிமம் வேணும்னு அப்போ ஆச்சு. ஜெர்மனியில இன்னும் கறார், 7.5 ஜூல்தான். அமெரிக்காவுல மத்திய சட்டம் ஏர் கன்னைத் துப்பாக்கியாவே கணக்குல சேர்க்கலை.

மூணு நாடு, மூணு சட்டம். டியூனிங்கோட தலையெழுத்தையே இதுதான் எழுதிச்சுன்னு சொல்லுவேன்.

எல்லையில்லாத அமெரிக்காவுல ஓட்டம் வேகத்தை நோக்கி. 1981ல் பீமன் ஆர்1 வந்தப்போ நொடிக்கு ஆயிரம் அடிங்கிறதுதான் பேச்சு. பெரிய சிலிண்டர், நீளமான பிஸ்டன் ஓட்டம், அதுக்கேத்த கனமான துப்பாக்கி. கவனிங்க, வெறும் ஸ்பிரிங்கை மட்டும் பலமாக்கலை. பிஸ்டன் தள்ளுற காத்தோட அளவைக் கூட்டினாங்க. காத்து கூடாம ஸ்பிரிங் மட்டும் கூடினா, அந்த பலமெல்லாம் உதையாவும் சத்தமாவும்தான் வெளிய வரும். என் கடைக்காரருக்கு இதை யாராவது சொல்லுங்கப்பா :-)

பிரிட்டன்ல கதை வேற. 12ன்னு கோடு போட்டாச்சு. தாண்டினா என்ன ஆகும்? 14.3 கிரெய்ன் எடையுள்ள ரவை நொடிக்கு 614 அடி வேகத்துல போனா கணக்கு 11.97. 615 அடின்னா 12.01. ஒரே ஒரு அடி! முதல் ஆள் சட்டத்தை மதிக்கும் குடிமகன். ரெண்டாவது ஆள் உரிமமில்லாத் துப்பாக்கி வச்சிருக்கும் குற்றவாளி, அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். தெரியாம நடந்துடுச்சுன்னா கோர்ட் கேட்காது. வீட்டுல உக்காந்து ஸ்பிரிங்குக்குப் பின்னால ஒரு வாஷரைக் கூடுதலாப் போட்டாலே கோட்டைத் தாண்டிடலாம். அதனாலதான் அங்கே விவரமான டியூனருங்க 11.2, 11.3லயே நிறுத்திடுவாங்க.

வேகம் கூட்டக் கூடாதுன்னா டியூனர் வேற என்னதான் பண்ணுவார்? இங்கேதான் கார்டியூ அப்பாவும் பிள்ளையும் வர்றாங்க. 1976ல் வெளிவந்த அவங்க புத்தகம், விசையிலிருந்து குழல் முனை வரைக்கும் ஒவ்வொண்ணையும் அளந்து பார்த்தது. அதுல ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. துப்பாக்கியைச் சாதாரணக் காத்துக்குப் பதிலா நைட்ரஜன்ல வச்சுச் சுட்டுப் பார்த்தாங்க. வேகம் நல்லாவே குறைஞ்சுடுச்சு! நைட்ரஜன்ல எதுவும் எரியாது. அப்படின்னா வழக்கமா சுடும்போது உள்ளே ஏதோ எரிஞ்சுக்கிட்டிருக்குன்னுதானே அர்த்தம்? எரிஞ்சது பிஸ்டன்ல தடவின எண்ணெய். பம்போட சூட்டை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன் இல்லையா, அந்தச் சூட்டுல எண்ணெய் ஆவி டீசல் இன்ஜின் மாதிரியே பத்திக்குது. அளவா எரிஞ்சா அது வேலையின் ஒரு பகுதி. அதிகமானா டமார்னு வெடிச்சு, ஸ்பிரிங்கையும் வாஷரையும் கெடுக்கும். "நல்லா எண்ணெய் விடுங்க"ன்னு காலங்காலமா சொல்லிவந்த அறிவுரைக்கு அன்னிக்கு விழுந்தது அடி.

அதுவரை டியூனிங்னா பரம்பரை வைத்தியர் பொட்டலம் மாதிரி. உள்ளே என்னன்னு கேட்கக் கூடாது. அளந்து புத்தகமாப் போட்டதும், மேஜையும் ஒரு வைஸும் வச்சிருக்கிற யார் வேணும்னாலும் ஏன் எதுக்குன்னு கேட்க முடிஞ்சது.

அடுத்து 1980. தெற்கு இங்கிலாந்துல மாகம் டவுன்ங்கிற குக்கிராமத்துல ஃபீல்டு டார்கெட் போட்டி தொடங்கிச்சு. தோப்புக்குள்ள அங்கங்கே தகர முயல், தகர காக்கா. அதுல ஒரு சின்ன வட்டம், அதுக்குள்ள பட்டாத்தான் பொம்மை சாயும். தூரம் 55 கெஜம் வரைக்கும் போகும். எல்லார் கையிலயும் அதே 12 அடி-பவுண்டு. ஜெயிக்கணும்னா துப்பாக்கி அடங்கி நடக்கணும், வேற வழியே இல்லை. ஐவன் ஹான்காக்கின் வெனம் ஆர்ம்ஸ் மாதிரி பட்டறைகள் பேர் வாங்கினது இந்தக் காலத்துலதான். ஸ்பிரிங் உள்ளே ஆடாதபடி இறுக்கமான வழிகாட்டித் தண்டு, பிஸ்டன் சிலிண்டரை உரசாதபடி நைலான் வளையம், பிசிறு நீக்கி மெருகேத்தின விளிம்புகள், மாலிப்டினம் கலந்த பசை, அதுவும் கண்மை அளவுக்கு. சுட்டா 'டொய்ங்'னு ஸ்பிரிங் அதிர்ற சத்தம் போய், 'தப்'னு ஒரே சத்தம். வேகம் மாறலை. நடத்தை மாறிச்சு. தியோபென் கம்பெனி அதே 80கள்ல ஸ்பிரிங்கையே தூக்கிட்டு, அடைச்ச வாயு ராமை வச்சுது.

சாமானியர்களைத் துப்பாக்கியைத் திறக்க வச்சது இன்னொரு விஷயம். 1970களில் வந்த ஃபைன்வெர்க்பாவ் 124 அருமையான துப்பாக்கி. ஆனா அதோட பிளாஸ்டிக் பிஸ்டன் சீல், சுட்டாலும் சுடாம பெட்டியில வச்சாலும், வருஷக்கணக்குல தானாவே மெழுகு மாதிரி உதிர்ந்துடும். வேற வழியில்லாம கழட்டினவங்க பலர், பயம் தெளிஞ்சு டியூனர் ஆனாங்க. 1995ல் டாம் கேலார்ட் ஆர்1 பத்தி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

அப்புறம்? 90களின் தொடக்கத்துல மாகம் டவுனுக்குப் பக்கத்து ஊரான ஹெயில்ஷாம்லருந்து ஏர் ஆர்ம்ஸோட டிஎக்ஸ் 200 வந்தது. டியூனருங்க கையால செஞ்ச வேலையில பலதும் இதுல தொழிற்சாலையிலேயே முடிஞ்சிருந்தது. போட்டிகளோ, முன்கூட்டியே காத்தடைச்ச, உதையே இல்லாத பிசிபி துப்பாக்கிகள் கைக்குப் போயிடுச்சு. ஸ்பிரிங் ஆளுங்களுக்குத் தனிப் பிரிவு ஒதுக்க வேண்டி வந்தது. ஜெயிச்ச கலைக்குக் கிடைச்ச பரிசு, அது தேவையில்லாமப் போனது. கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு.

அப்போ தொழில் தெரிஞ்சவர்கிட்ட கொடுக்கணுமா, நாமளே திறக்கலாமா? இவ்வளவும் படிச்சப்புறம் எனக்குத் தோணுறது, கேள்வியே அது இல்லை. அளக்கிற ஆள்கிட்ட கொடுக்கலாம், அளந்து பார்க்கிறதா இருந்தா நாமளும் திறக்கலாம். என் கடைக்காரரும் அளக்கலை, நானும் அளக்கலை.

ஹெவி ஸ்பிரிங்கைக் கழட்டிட்டேன். பழைய அளவிலேயே புதுசு போட்டேன், இந்தத் தடவை கிளாம்ப் போட்டு மெதுவா. தெருமுனையில செருப்பு தைக்கிற பெரியவர் வாஷரைத் தோல்ல வெட்டிக் கொடுத்தார். பழசு காய்ஞ்சு அப்பளமா இருந்தது. பாதி வியாதி ஸ்பிரிங்ல இல்ல, அதுலதான் இருந்திருக்கு! கூரான விளிம்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். இப்போ சத்தம் குறைவு, தோளும் பிழைச்சது. தோசை இட்லியாச்சு. நாலணா ஆகணும்னா துப்பாக்கி ரெடி, ஆள்தான் இன்னும் அப்பா ஆகலை.

டிஸ்கி: 1. அமுங்கின ஸ்பிரிங் விளையாட்டுப் பொருள் இல்லை. கிளாம்ப் இல்லாமத் திறக்காதீங்க, என் வீட்டுச் சுவர் சாட்சி. 2. நம்ம நாட்டுலயும் 2016 ஆயுத விதிகள் 20 ஜூல்னு கோடு போட்டிருக்கு. 3. காக்கா, அணில் பக்கம் திருப்பாதீங்க. அட்டைப்பெட்டி போதும்.