பிடியரிசியில் எழுந்த ஆங்கிலப் பாடசாலை

தேனி, போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் முதலிய ஊர்களில் வியாபாரம் நடத்திவரும் நம்மவர் இல்லங்களில், ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "பையன் பத்து வகுப்புப் படித்துவிட்டான், கணக்குத் தெரியும், இனிக் கடையில் உட்காரட்டும்" என்பதே அப்பேச்சு. அதற்கு விடையாக விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையின் வரலாற்றை அன்பர்களுக்கு நினைவூட்ட விழைகின்றோம்.

அந்நகர் விருதுபட்டி எனப் பெயர் வழங்கிய காலத்தில், நாடார் உறவின்முறையார் அப்பாடசாலையை நிறுவினர். அதற்கு ஆதாரமாய் நின்றது மகமை. வியாபாரிகள் தாம் கொள்ளும், விற்கும் சரக்கின்மீது ஒரு சிறு பகுதியை ஊர்ப் பொதுநிதிக்குச் செலுத்துவதே மகமையாகும். அதனோடு பிடியரிசியும் சேர்ந்தது. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்த தாய்மாருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். தம் பிள்ளைகளேனும் அறியட்டும் என்றே அவர்கள் கொடுத்தனர்.

ஆங்கிலம் எதற்கு என்று இளைஞர் கேட்கலாம். 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றிய பின், உயர்கல்விக்கும் உத்தியோகத்திற்கும் ஆங்கிலமே வாயிலாயிற்று. மேல்கோர்ட்டுத் தீர்ப்பும் ஆங்கிலத்திலேயே வந்தது. 1897-இல் கமுதிக் கோயிலுள் நம்மவர் சென்றது பற்றிய வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் நமக்கு மாறாகவே முடிந்தது. தம் தலைவிதியைக் கூறும் தீர்ப்பைத் தாமே வாசித்தறிய இயலாத நிலை எத்தகையது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்தனர்.

ஆயினும் கோயில் வாயில் தமக்கு அடைபட்டிருந்த அந்நாளிலே, தாம் கட்டிய பாடசாலையின் வாயிலை அவர்கள் எல்லா வகுப்பார்க்கும் திறந்து வைத்தனர். பிள்ளைகளிடம் சம்பளமும் வாங்கவில்லை. இதனினும் பெருமை நமக்கு வேறொன்று உண்டோ?

இனி, அக்காலத்து உயர்தரப் பாடசாலைகளின் பாடத்திட்டத்தைக் கூறுவோம். ஐந்து வகுப்புகளுக்குப் பின் முதற் பாரம் முதல் ஆறாம் பாரம் வரை ஆறாண்டுப் படிப்பு இருந்தது. முதலில் மெட்ரிகுலேஷன் பரீட்சையும், 1911 முதல் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையும் நடைபெற்றன. ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், சரித்திரம், பூகோளம், விஞ்ஞானம் ஆகியவை பாடங்கள். மேல் பாரங்களில் தமிழ் நீங்கலாக ஏனையவற்றை ஆங்கிலத்திலேயே கற்பித்தனர். வைகையிற் குளித்து வளர்ந்த பையனும் பூகோளத்தை அயல்மொழியில் ஒப்பிக்க வேண்டியிருந்தது. பொருள் விளங்காது மனனம் செய்து சோர்ந்து நின்றவர் பலர். 1930-களின் பிற்பகுதியிலிருந்து தாய்மொழி போதனை பரவிய பின்னரே அச்சுமை குறையலாயிற்று. 1978-இல் பதினோராண்டு முறை மாறி, பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மேல்நிலைக் கல்வி ஏற்பட்டது.

அவ்வித்தியாசாலையிற் பயின்றவருள் உலகறிந்தவர் பெருந்தலைவர் காமராஜர். 1903-இற் பிறந்த அவர் இளமையிலேயே தந்தையை இழந்தார். படிப்பை இடையில் நிறுத்தி, தாய்மாமனது துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது ஊர்தோறும் பள்ளிகள் திறந்தார். 1956-இல் மதிய உணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கினார். அவர் படிக்கவில்லையே என்று கூறித் தம் மக்களின் படிப்பை நிறுத்துவோர், அவர் செய்த காரியத்தை நோக்க வேண்டும். தமக்குக் கிட்டாததைப் பிறர் பிள்ளைகளுக்குக் கிட்டச் செய்வதிலன்றோ அவர் தம் ஆட்சியைச் செலவிட்டார்!

அவரைப் பள்ளியினின்று பிரித்தது வறுமை. இன்று நம் பிள்ளைகளைப் பிரிப்பதோ, கடை இருக்கிறது என்னும் துணிவு. போடியில் ஏலக்காய் ஏலமே கணினி வழி நடைபெறும் இந்நாளில், அரைகுறைப் படிப்பு கடைக்கும் போதாது. ஆதலின் ஆணாயினும் பெண்ணாயினும் மேல்நிலைப் படிப்பை முடித்துக் கல்லூரி புகும்வரை, பெற்றோர் கடைச் சாவியைப் பிள்ளைகள் கையில் கொடாதிருத்தல் வேண்டும். பொருளில்லாதார் பிள்ளைகளுக்கு ஊர்தோறும் மகமையில் ஒரு பங்கை ஒதுக்குதலும் நம் கடமை. அன்று பிடியரிசி தந்த கைகளுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி இதுவே.