ஓயிட்டாவில் பிறந்த விளையாட்டு விழா

விளையாட்டின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில் தொடங்குவர். நான் இன்று ஒரு மருத்துவமனையில் தொடங்குகிறேன். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரில், முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்கள் செயலற்றுப்போன போர்வீரர்களுக்கு லுட்விக் குட்மான் என்ற மருத்துவர் சிகிச்சை அளித்துவந்தார். விளையாட்டையும் அவர் ஒரு மருந்தாகவே கொண்டார். 1948 ஜூலைத் திங்களில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அங்கே வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர்.

1960-இல் அவ்விடத்துக்கு ஜப்பானிலிருந்து யுடாகா நாகமுரா என்னும் எலும்பு மருத்துவர் வந்தார். அவர் நாட்டில் இத்தகைய நோயாளிகளைப் படுக்கையிலேயே கிடத்திவைப்பது வழக்கம். இங்கோ பலர் சில திங்களில் வீடு திரும்பி, வேலைக்கும் போய்விட்டனர்!

ஊர் திரும்பிய அவர், 1961-இல் தம் ஓயிட்டா மாநிலத்தில் உடற்குறையுடையோர்க்கென ஒரு விளையாட்டு விழா நடத்த முற்பட்டார். எதிர்ப்பு எழுந்தது. நோயாளிகளைக் காட்சிப்பொருளாக்கிச் சர்க்கஸ் நடத்துகிறாரா இவர் என்று படித்தவர்களே கேட்டனர். இரக்கத்தால்தான் அப்படிக் கேட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்த இரக்கத்தால் எந்த நோயாளியும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. விழா நடந்தேறியது. மறு ஆண்டு இரண்டு ஜப்பானியரை அவர் ஸ்டோக் மாண்டவில் போட்டிக்கு அனுப்பினார். வழிச்செலவுக்காகத் தம் மோட்டார்காரையே விற்றாராம்.

1964-இல் டோக்கியோவில் நிகழ்ந்த உலகப் போட்டியில் ஜப்பானிய அணிக்கு அவரே தலைவர். வெளிநாட்டு வீரர்களிற் பலர் தத்தம் ஊரில் தொழில் செய்து வாழ்பவர்கள். ஜப்பானிய வீரர்களிற் பெரும்பாலோரோ மருத்துவமனைகளிலிருந்தும் காப்பகங்களிலிருந்தும் வந்தவர்கள். போட்டி முடிந்ததும் அங்கேயே திரும்பவேண்டியவர்கள். இது அவர் நெஞ்சை உறுத்தியது. 1965-இல் பெப்பு நகரில் 'கதிரவன் இல்லம்' என்னும் தொழிற்கூடத்தை நிறுவினார். தருமம் வேண்டா, வாய்ப்பு வேண்டும் என்பதே அதன் கொள்கை. பின்னர் ஓம்ரான், சோனி, ஹோண்டா முதலிய பெரிய நிறுவனங்கள் அதனோடு கூட்டுச் சேர்ந்து தொழிற்சாலைகள் அமைத்தன.

ஆசிய நாட்டினர் பலர்க்கு ஐரோப்பா எட்டாத தொலைவு. ஆகவே தூரகிழக்கு, தென் பசிபிக் நாடுகளுக்கென ஒரு தனி விழா வேண்டுமென்று நாகமுரா முயன்றார். 'பெஸ்பிக்' என்று சுருக்கப்பெயர் பெற்ற அவ்விழா 1975-இல் ஓயிட்டாவிலேயே தொடங்கிற்று. 18 நாடுகளிலிருந்து 973 பேர் வந்தனர். முதுகுத்தண்டு அடிபட்டவர்களோடு பார்வையற்றோரும் உறுப்பிழந்தோரும் அங்கே போட்டியிட்டனர். உலகப் போட்டி இவர்களுக்குக் கதவு திறந்தது அடுத்த ஆண்டு டொராண்டோவில்தான் என்பதை இங்கே கருதவேண்டும்.

அதன்பின் விழா பாரமட்டா, ஹாங்காங், சுரகார்த்தா, கோபே, பெய்ஜிங், பாங்காக், பூசான் என ஊர்தோறும் சென்றது. நாகமுரா 1984-இல் மறைந்தார். 2006-இல் கோலாலம்பூரில் நடந்த ஒன்பதாம் விழாவே இறுதியானது. 2010-இல் குவாங்சோவில் ஆசிய பாரா விளையாட்டுகள் அதன் இடத்தை ஏற்றன.

ஓயிட்டாவில் மட்டும் ஒன்று எஞ்சியிருக்கிறது. 1981-இல், அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டின்போது, அங்கே சக்கர நாற்காலியினர்க்கென மாரத்தான் ஓட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கஸ் என்று ஒருகாலத்தில் ஏசிய அதே ஊரின் தெருக்களில், பல நாட்டு வீரர்கள் இலையுதிர் காலத்தில் அந்த ஓட்டத்துக்காகக் கூடுகின்றனர்.