நோய்க் காலத்திற் கடல்வழி



பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்த ஊர் புதுக்குடியிருப்பு. அதன் கிழக்கே நந்திக்கடலும், அதற்கப்பால் வங்கக் கடலும் உள்ளன. பெருங்கப்பல் வந்தடையும் துறைமுகம் எதுவும் அவ்வூரில் இல்லை. ஆயினும் 2020ஆம் ஆண்டிலே உலகக் கப்பற் போக்குவரத்துக்கு நேர்ந்த இடரின் இரு முகங்களையும் அவ்வட்டாரம் கண்டது. அயலிலுள்ள கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்கு, நோய்த்தொற்று உடையோருடன் பழகியவர் எனக் கருதப்பட்டோர் தென்னிலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தனிமையில் வைக்கப்பட்டனர். அதே காலத்தில், கப்பலில் வந்திறங்கிய சீனியும் பருப்பும் கோதுமையும் ஊரடங்கைக் கடந்து கடைகளை வந்தடைந்தன. மனிதர் தடுக்கப்பட்டனர், பண்டம் தடையின்றிச் சென்றது. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? இதன் வரலாறு யாது? இன்று இதனைச் சிறிது ஆராய்வோம்.

கப்பலை நிறுத்தி வைத்து நோயைத் தடுக்கும் வழக்கம் மிகப் பழையது. அத்திரியாற்றிக் கடலோரத்து ரகூசா நகரம், நோயுள்ள இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாட்கள் ஒதுங்கியிருக்க வேண்டுமென 1377ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தது. பின்னர் அது நாற்பது நாளாயிற்று. நாற்பது என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்தே நம்மவர் ‘கொரன்டீன்’ என வழங்கிய சொல் பிறந்தது.

இலங்கைக்கு இவ்வழக்கம் பெருமளவில் வந்த காரணம் தோட்டத் தொழிலே. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்தினின்றும் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த ஏழை மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, வன்னியின் மேற்குப்புறக் காடுகளின் வழியே மாத்தளை நோக்கி நூறு மைலுக்கு மேல் நடந்தனர். வடபாதை என்பது அதன் பெயர். நல்ல நீர் கிடையாத அவ்வழியில் வாந்திபேதியால் மாண்டோர் பலர். நோய் அவர்களோடு வந்தது என்று அஞ்சியோர் உண்டு. நோய்க்கு அவர்களை இரையாக்கியது அப்பாதையின் கொடுமையே என்பதைச் சிந்தித்தோர் சிலரே.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியது. உலகத் துறைமுகங்கள் யாவும் நடுங்கின. அடுத்த ஆண்டு வெனிசு நகரிற் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, அந்நோயைக் கடல்வழியில் தடுப்பதெவ்வாறு என்று ஆராய்ந்தது. அதே 1897இல் இலங்கையில், நோய்த்தடுப்புக்கான 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. வடபாதை தொழிலாளருக்கு அடைக்கப்பட்டது. அவர்கள் தூத்துக்குடியிலிருந்து நீராவிக் கப்பலேறிக் கொழும்பு வந்தனர். கப்பலேறுமுன் தட்டப்பாறை முகாமிலே தங்க வைக்கப்பட்டனர். எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகர வில்லையொன்றை ஒவ்வொருவரும் அணிந்திருந்தனர். பொதிக்கு அடையாளம் இடுவதுபோல மனிதனுக்கும் அடையாளம் இட்ட காலம் அது.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியது. அதன் பின்னர் இலங்கை அரசாங்கம் நடத்திய மண்டபம் முகாமே தடைகாப்பின் தலைவாயிலாயிற்று. தொழிலாளரும் கீழ்வகுப்புப் பயணிகளும் அங்கே நாட்கணக்கில் தங்கினர், அம்மைப்பால் குத்தப்பட்டனர், உடையும் உடைமையும் நச்சுநீக்கம் பெற்றன. மேல்வகுப்புப் பயணிக்கோ பெரும்பாலும் பரிசோதனையும் கண்காணிப்புமே போதுமானவையாயின. நோய்க்கிருமி பயணச்சீட்டின் வகுப்பைப் பார்ப்பதில்லை, சட்டம் பார்த்தது.

இத்தனை காவலும் பயன் தந்ததா? அதே 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிளேக் கொழும்பு நகரினுள்ளே தோன்றியது. நோய் தானியக் கிடங்குகளை அண்டிய பகுதிகளிலே வேரூன்றியது. வெளிநாட்டு அரிசி மூடைகளோடு வந்த எலிகளும் அவற்றின் தெள்ளுகளுமே அதனைக் கொணர்ந்தன என்பது மருத்துவ ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. மனிதனை முகாமிலே மறித்தனர். மூடை துறைமுகத்தைக் கடந்து சென்றது. அரிசியைத் தடுத்தால் நாடு பட்டினி கிடக்கும் என்பதும் உண்மையே. ஆயின், குற்றம் சாட்டப்பட்டவன் ஒருவன், நோயைச் சுமந்தது வேறொன்று என்னும் இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது.

நான்கு ஆண்டுகளின் பின்னர், உலகப் போரின் இறுதியில், இன்புளுவென்சா என்னும் விஷக்காய்ச்சல் கப்பல்களோடு உலகைச் சுற்றியது. அது 1918 ஒக்டோபர் முற்பகுதியில் இலங்கையின் வடபுலத்திலும் தென்புலத்திலும் உச்சமடைந்தது. நாட்டின் நடுப்பகுதியில் 1919 மார்ச்சில் உச்சமடைந்தது. குடிமதிப்புக் கணக்குகளை அண்மையில் ஆராய்ந்தோர், பிறவாதுபோன குழந்தைகளையும் சேர்த்து, ஏறத்தாழ 3,07,000 பேரை, அதாவது மக்கட்டொகையில் 6.7 வீதத்தை, இத்தீவு இழந்தது என்று கணித்துள்ளனர். நோய் இருவேறு வாயில்கள் வழியே நாட்டினுள் நுழைந்தது என்பதும் அவர்களது முடிபு.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச்சு 19இல் கட்டுநாயக்கா விமான நிலையம் வருகைப் பயணிகளுக்கு மூடப்பட்டது. மறுநாள் நாடு முழுவதும் ஊரடங்கு. தனிமைப்படுத்தலுக்குக் கைக்கொள்ளப்பட்ட சட்டம் எது? பிளேக்குக்காக 1897இல் எழுந்த அதே கட்டளைச் சட்டமே. உல்லாசக் கப்பல்களுக்குத் துறைமுகங்கள் அடைக்கப்பட்டன. யப்பானின் யொக்ககாமாத் துறையில் நின்ற டயமண்ட் பிரின்செஸ் கப்பலில் 3,711 பேருள் 712 பேரை நோய் பற்றிய செய்தி யாவரையும் அச்சுறுத்தியிருந்தது.

எனினும் கொழும்புத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் ஓயவில்லை. 2019இல் அத்துறைமுகம் இருபதடி அளவிற் கணக்கிட்டு 72 இலட்சத்துக்கு மேற்பட்ட கொள்கலன்களைக் கையாண்டது. 2020இல் அத்தொகை ஏறத்தாழ 68½ இலட்சமாகச் சற்றே குறைந்தது. 2021இல் பழைய அளவை மீண்டும் எட்டியது. உலகக் கடல் வாணிபமும் 2020இல் 3.8 வீதமே குறைந்தது. எத்தனையோ தொழில்கள் முற்றாக முடங்கிய ஆண்டில் இது வியப்புக்குரிய செய்தியன்றோ?

இவ்வியப்புக்கு விலை கொடுத்தவர் மாலுமிகள். அவர்கள் கொண்டுவந்த சரக்கைக் கரை ஏற்றது; அவர்களை ஏற்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப இயலாது கப்பலிற் சிக்கியோர் 2020இன் இறுதியில் ஏறத்தாழ 4,00,000 பேர் எனப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது. அவ்வாண்டு டிசம்பரில், மாலுமிகளை இன்றியமையாத தொழிலாளராகக் கொள்ளுமாறு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. கொழும்பிலும் காலியிலும் மாலுமிகள் மாறிக்கொள்ள வகை செய்யப்பட்டது ஓர் ஆறுதல்.

பயணிகளுக்கோ கடல் ஒருமுறை பழைய முறையிலே திறந்தது. 2020 சூன் தொடக்கத்தில் இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா என்னும் கப்பல், இலங்கையிற் சிக்கியிருந்த இந்தியர் 680க்கு மேற்பட்டோரைக் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுசென்றது. நூறாண்டுகளுக்கு முன் தகர வில்லை அணிந்தோர் வந்த அதே கடல்வழி! வெளிநாடுகளில் வேலை செய்த இலங்கையர் பல்லாயிரவர் தாய்நாடு திரும்பக் காத்துக் கிடந்தனர். திரும்பியோருள் பணமுடையோர் கட்டண விடுதியில் தனித்திருந்தனர். ஏனையோர் முகாம்களுக்குச் சென்றனர். மேல்வகுப்பு, கீழ்வகுப்பு என்னும் பழைய பேதம் வேறு பெயரில் வாழ்ந்தது எனலாம்.

பண்டத்தின் கடல்வழியும் என்றும் திறந்தே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. அந்நியச் செலாவணி குன்றவே, இறக்குமதிகள் பல தடுக்கப்பட்டன. கிருமிநாசினியாக மக்கள் நாடிய மஞ்சளும் அவற்றுள் ஒன்று. அதன் விலை பன்மடங்காயிற்று. பாக்கு நீரிணை வழியே படகுகளிற் கடத்தப்படும் பொருளாக அது மாறியது. 2022இல், விலை கொடுக்க டொலர் இன்மையால், எரிபொருட் கப்பல்கள் கொழும்புக் கடலிற் காத்து நின்றன. மண்ணெண்ணெய் இன்றி மீனவர் படகுகள் கரையிற் கிடந்தன. வன்னிக் கரையோரம் அத்துன்பத்தை நன்கறியும்.

இறுதியாக ஒன்று. நோய்க்காக எழுந்த மண்டபம் முகாம், 1980களின் பின், போரினால் கடல் கடந்த ஈழத்தமிழ் அகதிகளை வரவேற்ற முகாமாயிற்று. மன்னாரிலிருந்தும் வன்னியிலிருந்தும் சென்றோர், தோட்டத் தொழிலாளர் தங்கிய அவ்விடத்திலே தாமும் பதிவு செய்யப்பட்டுத் தங்கினர். அவசர காலத்துக்கென நாம் கட்டும் வேலிகள் அவசரம் தீர்ந்த பின்னும் நிலைத்து நின்று வேறு மக்கள்மீது விழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. 1897ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தகையதே.

நோய்க்குத் தடை வேண்டும், அதில் ஐயமில்லை. தடையின்றி விட்டால் மாள்வோரும் ஏழைகளே. ஆயின், சரக்கு கெடாது காப்பதற்கு நாம் காட்டும் கவனத்தை, அதனைச் சுமந்து வருவோனுக்கும் காட்டுதல் வேண்டும். எத்தனை நாள் தங்க வேண்டும், எங்கே உண்பது, எப்போது வீடு திரும்பலாம் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லிய பின்னரே ஒரு மனிதனை முகாமினுள் அனுப்புதல் முறையாகும். 2023 ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற்சேவை தொடங்கியது. அக்கடல்வழியை இனியொரு நோய் வந்து மறிக்கும் நாளும் உண்டாகலாம். அன்று நம் சட்டம் மூடையைப் போலவே மனிதனையும் பேணிக் கரைசேர்க்குமாயின், வடபாதையில் மாண்டோர் நமக்கு விட்டுச்சென்ற பாடத்தை நாம் கற்றவராவோம்.