கிழங்கும் சுரப்பு நீரும்

பறம்பு மலையின் வளத்தைப் பாடிய கபிலர், உழவர் உழாமலே அம்மலை தரும் விளைபொருள்கள் நான்கனுள் வள்ளிக்கிழங்கையும் ஒன்றாக வைத்தார். புறநானூற்றின் 109ஆம் பாடலைப் பயிலும் மாணவர் சிலர், அக்கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்றே எண்ணிக்கொள்வதுண்டு. அது பொருந்தாது. சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்திற்கு உரியது. கொலம்பசின் கடற்பயணத்திற்குப் பின்னரே தமிழகத்தை அடைந்து, அங்கிருந்த பழம்பெயரில் பாதியைத் தனதாக்கிக்கொண்டது. குறிஞ்சி நிலத்தார் அகழ்ந்துண்ட வள்ளி, மரங்களைப் பற்றிப் படரும் கொடியொன்றன் கிழங்காகும். தாவர நூலார் 'டயோஸ்கோரியா' என வழங்கும் இனத்தைச் சேர்ந்தது அஃது எனக் கொள்வதே பொருந்தும்.

அவ்வினத்தில் ஏறத்தாழ 600 வகைகள் உள. யாழ்ப்பாணத்தார் பாலும் சர்க்கரையும் கூட்டிக் காய்ச்சும் இராசவள்ளி அவற்றுள் ஒன்று. மலேசியக் காடுகளில் வளரும் காடோங் மற்றொன்று. காடோங் நஞ்சுடையது, மெல்லியதாக அரிந்து, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்த பின்னரே உண்ணத்தக்கதாகும். உணவாகவும் நஞ்சாகவும் மக்கள் அறிந்திருந்த இக்கிழங்கினம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெண்களின் மருத்துவ வரலாற்றையே திசைதிருப்பியது. அவ்வரலாறு நிகழ்ந்த இடம் மெக்சிகோ நாடு.

மேலைநாட்டு நாட்டுமருத்துவத்தில் இக்கிழங்கு பெற்றிருந்த இடம் முதலில் நோக்கத்தக்கது. வட அமெரிக்காவில் வளரும் காட்டுவள்ளி வகையொன்றுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் 'வயிற்றுவலி வேர்' என்னும் பொருள்படப் பெயரிட்டிருந்தனர். குடல் முறுக்கிக்கொண்டு வலிக்கும்போது அதன் கசாயத்தைக் கொடுத்தனர், மூட்டுவலிக்கும் கொடுத்தனர். ஆக, அதன் புகழ் பெரும்பாலும் செரிமானத்தைப் பற்றியதாகவே இருந்தது. உடலுக்குள் சுரந்து குருதியில் கலக்கும் ஹார்மோன்களைப் பற்றி அக்காலத்தார் எவரும் அறிந்திலர். இவ்வுண்மை பின்னர் வேண்டப்படும்.

ஹார்மோன் ஆராய்ச்சி வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் ஆகும். 1929ஆம் ஆண்டில் ஜார்ஜ் கார்னர், வில்லார்டு ஆலன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், கருமுட்டை வெளிப்பட்ட பின் சூலகத்தில் தோன்றும் மஞ்சள்நிறத் திசுவிலிருந்து எடுத்த சாறு, முயலின் கருவைக் காக்க வல்லது எனக் காட்டினர். அச்சாற்றில் இருந்த பொருளே புரொஜெஸ்டிரோன். கருப்பையின் உட்சுவரைக் கருவேற்கப் பதப்படுத்துவதும், மாத விலக்கின் ஒழுங்கைப் பேணுவதும், கருவுற்ற பின் கருப்பையை அமைதியுறச் செய்வதும் அதன் பணிகள். 1934இல் ஆய்வுக் குழுக்கள் நான்கு, ஏறக்குறைய ஒரே காலத்தில் அதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தன. அவற்றுள் ஒன்றின் தலைவரான செருமானியர் அடால்ஃபு பூட்டெனன்ட், 50,000 பன்றிகளின் சூலகங்களைச் செலவிட்டுப் பெற்றது 20 மில்லிகிராம் அளவே. ஒரு சிட்டிகை உப்பிலும் குறைவு!

கருச்சிதைவுக்கு அஞ்சிய பெண்களுக்கும், மாத விலக்கில் கடுந்துன்பம் உற்றவர்களுக்கும் அம்மருந்தைத் தர மருத்துவர்கள் விரும்பினர். ஆயின், 1940களின் தொடக்கத்தில் அதன் விலை கிராம் ஒன்றுக்கு 80 டாலர். அந்நாளில் அமெரிக்க அரசு பொன்னுக்கு வைத்திருந்த விலை அவுன்சு ஒன்றுக்கு 35 டாலர். அதாவது, கிராமுக்கு ஒரு டாலரைச் சற்றே கடந்தது. பொன்னினும் எழுபது மடங்கு விலையேறிய மருந்தை ஏழைப் பெண்ணொருத்தி எங்ஙனம் பெறுவாள்?

இந்நிலையை மாற்றியவர் ரசல் மார்க்கர். 1902இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்த இவ்வேதியியலார் பிடிவாதத்திற்குப் பேர்போனவர். முனைவர் பட்டத்திற்குரிய ஆய்வை முடித்த பின்னும், தேவையற்றவை எனத் தாம் கருதிய பாடங்களைப் பயில மறுத்து, 1925இல் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். பின்னர்ப் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் அமர்ந்து, தாவரங்களில் உள்ள 'சப்போனின்' என்னும் பொருள்களை ஆராயலானார். நீரில் கலக்கினால் சவர்க்காரம்போல் நுரைப்பவை சப்போனின்கள். பூந்திக்கொட்டையில் நுரை எழுவதும் இவற்றாலேயே. அமெரிக்கப் பழங்குடியினர் சப்போனின் மிகுந்த வேர்களை இடித்து ஆற்றில் கரைத்து மீனை மயக்கிப் பிடித்தனர்.

வள்ளிக் கிழங்கின் சப்போனினிலிருந்து கிடைக்கும் 'டயோஸ்ஜெனின்' என்பதன் அணுக்கட்டமைப்பு, புரொஜெஸ்டிரோனின் கட்டமைப்பைப் பெரிதும் ஒத்திருந்தது. வேண்டாத ஒரு பக்கத்தொடரை மட்டும் கழித்துவிட்டால் போதும். அக்கழித்தல் முறையை மார்க்கர் கண்டறிந்தார். வேதியியல் நூல்கள் அதனை அவர் பெயராலேயே வழங்குகின்றன. எஞ்சிய இடர்ப்பாடு, மிகுதியாக டயோஸ்ஜெனின் தரும் கிழங்கு ஒன்றைக் காண்பதே. தாவர நூலொன்றில் மெக்சிகோவின் வெராக்ரூசு மாநிலத்துப் பெருங்கிழங்கு ஒன்றன் படத்தைக் கண்ட மார்க்கர், 1942இல் அதனைத் தேடிப் புறப்பட்டார்.

போர்க்காலம் அது. இசுப்பானிய மொழியும் அவருக்குத் தெரியாது. பேருந்தேறி, ஒரிசாபா நகருக்கும் கோர்தோபா நகருக்கும் இடையே இருந்த சிறு கடையொன்றை அடைந்தார். கடைக்காரர் காட்டிலிருந்து தோண்டி வந்து தந்த கிழங்குகள் இரண்டு மூட்டைகள் தேறின. அவையும் களவு போயின. காவலர் ஒருவருக்குக் கையூட்டு அளித்து ஒரு மூட்டையை மட்டும் மீட்டதாக மார்க்கரே பின்னாளில் கூறியுள்ளார். மருத்துவ வரலாற்றின் பெருந்திருப்பம் ஒன்று, திருட்டுப் போய் மீண்ட ஒரு மூட்டைக் கிழங்கில் தங்கியிருந்தது.

அவருக்குப் பொருளுதவி செய்துவந்த பார்க்-டேவிசு நிறுவனம், மெக்சிகோவில் தொழில் நடத்த இயலாது எனக் கைவிரித்தது. மார்க்கர் கல்லூரிப் பணியைத் துறந்து, மெக்சிகோ நகரத்துத் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, 'லபரட்டோரியோசு ஹார்மோனா' என்னும் பெயருடைய சிறு நிறுவனத்தைக் கண்டுபிடித்தார். அதன் உரிமையாளர் இருவரும் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். மூவரும் கூடி 1944இல் 'சின்டெக்சு' நிறுவனத்தைத் தொடங்கினர். மார்க்கர் கொண்டுவந்து காட்டிய புரொஜெஸ்டிரோன் மூன்று கிலோகிராம். அந்நாளைய விலையில் அதன் மதிப்பு 2,40,000 டாலர்.

கூட்டு நெடுநாள் நிலைக்கவில்லை. இலாபப் பங்கில் பிணக்கு ஏற்பட்டு, 1945இல் மார்க்கர் வெளியேறினார். அவர் பயன்படுத்திய மருந்துக் குப்பிகளில் தாமே அறிந்த குறியீடுகளை மட்டும் எழுதியிருந்தமையால், எஞ்சியவர்கள் செய்வதறியாது திகைத்தனர். அங்கேரியில் பிறந்து கியூபாவில் தஞ்சம் புகுந்திருந்த ஜார்ஜ் ரோசன்கிரான்சு அழைத்துவரப்பட்டு, அம்முறையை மீண்டும் முதலிலிருந்து வகுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் மார்க்கர், 'பார்பாஸ்கோ' என்னும் மற்றொரு காட்டுவள்ளி முன்னையதனினும் பன்மடங்கு டயோஸ்ஜெனின் தருவதைக் கண்டிருந்தார். மருந்தின் விலை ஆண்டுதோறும் சரிந்தது. 1949இல் வேதியியலையே கைவிட்ட மார்க்கர், பின்னாளில் பழைய வெள்ளிக் கலைப்பொருள்களின் மறுபடிகளைச் செய்வித்து விற்றார். 1925இல் அவருக்குக் கிட்டாத பட்டத்தை, 1987இல் அதே மேரிலாந்துப் பல்கலைக்கழகம் சிறப்புப் பட்டமாக வழங்கியது. 1995இல் அவர் மறைந்தார்.

புரொஜெஸ்டிரோனை வாய்வழி உட்கொண்டால் பெரும்பகுதி வீணாகும். ஆதலின் அந்நாளில் ஊசியாகவே செலுத்தினர். 1951 அக்டோபர் 15ஆம் நாள், சின்டெக்சு ஆய்வுக்கூடத்தில், கார்ல் ஜெராசியின் மேற்பார்வையில் பணியாற்றிய லூயிஸ் மிராமோன்தெஸ் என்னும் 26 வயது மெக்சிகோ இளைஞர், விழுங்கினாலும் பயன் தரும் 'நோரெத்திஸ்டிரோன்' என்பதை ஆக்கினார். அதனை ஒத்த பொருளொன்றை அமெரிக்க நிறுவனம் ஒன்றும் ஆக்கியது. அம்மாத்திரைக்கு 1957இல் அமெரிக்க அரசு இசைவளித்தபோது, மாத விலக்குக் கோளாறுகளுக்கு உரிய மருந்து என்றே அளித்தது. கருத்தடைக்கென இசைவு கிடைத்தது 1960இல்தான். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் மாத விலக்குக் கோளாறு என்று மருத்துவரை நாடிய பெண்களின் தொகை திடீரெனப் பெருகியமைக்குக் காரணம் சொல்ல வேண்டுவதில்லை.

இப்பெருமையின் மறுபக்கமும் எழுதப்பட வேண்டியதே. 1956இல் அம்மாத்திரையைப் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைக் குடியிருப்புப் பெண்களிடம் சோதித்தனர். தாம் ஆய்வுப் பொருளாக்கப்பட்டுள்ளோம் என்பது அவர்களுக்கு உரியவாறு உணர்த்தப்படவில்லை. நாளொன்றுக்குத் தரப்பட்ட 10 மில்லிகிராம், பின்வந்த மாத்திரைகளின் அளவினும் பன்மடங்கு மிகுந்தது. அங்குப் பொறுப்பேற்றிருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே அம்மையார், பெண்களில் 17 விழுக்காட்டினர் குமட்டல், தலைச்சுற்றல், தலைவலி ஆகியவற்றால் துன்புற்றதை எடுத்துரைத்தார். ஆய்வை நடத்திய ஆண்களோ, அவை மனத்தின் கற்பனை எனத் தள்ளினர். பெண் கூறும் நோவைக் கற்பனை என்று ஒதுக்கும் வழக்கம் நாட்டுமருத்துவத்திற்கு மட்டுமோ விஞ்ஞானத்திற்கு மட்டுமோ உரியதன்று.

கிழங்கைத் தோண்டியவர் கதை இன்னும் துயரமானது. ஒவாஹாக்கா, வெராக்ரூசு முதலிய மாநிலங்களின் காட்டோரச் சிற்றூர்களில், பல்லாயிரம் உழவர்கள் விடியலில் மண்வெட்டியோடு புறப்பட்டுப் பார்பாஸ்கோ தேடினர். பாம்பும் கொசுவும் நிறைந்த காட்டில் நாள் முழுதும் தோண்டி, மூட்டையை முதுகிற் சுமந்துவந்து எடைபோட்டு விற்றனர். இடைத்தரகர் தந்த கூலி சொற்பம். அக்கிழங்கு எதற்குச் செல்கிறது என்பது பெரும்பாலார்க்குத் தெரியாது. சவர்க்காரம் செய்யவே எனப் பலர் நம்பினர். நுரையைக் கண்டவர்கள் அவ்வாறு நினைத்ததில் வியப்பில்லை. இவர்களின் வரலாற்றை விரிவாக எழுதியவர் காபிரியேலா சோட்டோ லவேகா. அவர்தம் நூல் 2009இல் வெளிவந்தது.

1975இல் அதிபர் லூயிஸ் எச்செவெரியாவின் அரசு, கிழங்கு வாணிகத்தைத் தன் கைக்குக் கொண்டுவர அரசு நிறுவனமொன்றை அமைத்தது. உழவர்க்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்னும் நம்பிக்கை பிறந்தது. ஆனால், பன்னாட்டு நிறுவனங்கள் அதற்கு முன்பே மாற்று வழிகளை நாடத் தொடங்கியிருந்தன. சோயா மொச்சையின் எண்ணெயிலிருந்து எடுக்கும் பொருள்களைக் கொண்டும், முழுச் செயற்கை முறையிலும் அவை ஹார்மோன்களை ஆக்கின. பார்பாஸ்கோவைத் தேடுவார் அருகினர். இமயமலைச் சாரலிலும் இதே கேடு நிகழ்ந்தது. அங்கு வளரும் டயோஸ்கோரியா டெல்டாய்டியா வகையை மருந்து வாணிகர்கள் அளவின்றித் தோண்டினர். அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் அது 1975 முதல் இடம்பெற்றுள்ளது.

தொழிற்சாலை கிழங்கைக் கைவிட்ட பின்னர், அதனைப் பற்றிக்கொண்டது மற்றொரு வாணிகம். 1990களில் 'இயற்கைப் புரொஜெஸ்டிரோன்' என்னும் விளம்பரத்தோடு காட்டுவள்ளிக் களிம்புகள் விற்பனைக்கு வந்தன. மாத விலக்கு நிற்கும் பருவத்தில் தோன்றும் உடல் வெப்பம், வியர்வை, உறக்கமின்மை ஆகியவற்றை அவை போக்கும் என்றனர். இங்கேதான் வரலாறு பிழைபடப் படிக்கப்பட்டது. டயோஸ்ஜெனினைப் புரொஜெஸ்டிரோனாக மாற்றியது மார்க்கரின் கொதிகலமும் அமிலமும். அம்மாற்றத்தைச் செய்யவல்ல நொதி மனித உடலில் இல்லை. கிழங்கை அரைத்துப் பூசினாலும் உண்டாலும் டயோஸ்ஜெனின் டயோஸ்ஜெனினாகவே இருக்கும். 2001இல் வெளியான ஆசுத்திரேலிய ஆய்வொன்றில், 23 பெண்களுக்குக் காட்டுவள்ளிக் களிம்பையும் வெறுங் களிம்பையும் மாற்றி மாற்றித் தந்து பார்த்தனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முந்தைய மருத்துவர்கள் வயிற்றுவலிக்கு வைத்திருந்த வேர், எப்படிப் பெண்ணின் ஹார்மோன் ஆயிற்று என்று விற்றவர் எவரும் விளக்கவில்லை.

இதனால் கிழங்குவழி வந்த மருந்து பொய் என்பதன்று. இன்று மருத்துவர் எழுதித் தரும் புரொஜெஸ்டிரோன் மாத்திரை, தாவரப் பொருளிலிருந்து தொழிற்சாலையில் ஆக்கப்படுவதே. அதன் மூலக்கூறு, பெண்ணுடலில் சுரப்பதனின்று அணுவும் வேறுபடாதது. 'இயற்கை', 'செயற்கை' என்னும் சொற்கள் இரண்டும் இவ்விடத்தில் எல்லை குழம்பி நிற்பதைக் காணலாம். தொழிற்சாலையில் பிறந்தது உடலுக்கு இயல்பானதாகவும், காட்டிலிருந்து நேரே வந்தது உடலுக்கு அயலாகவும் உள்ளன.

தமிழர் அடுக்களையிலும் டயோஸ்ஜெனின் உண்டு. வெந்தயத்தில் அது சிறிதளவு இருக்கின்றது. பிள்ளை பெற்றவளுக்கு வெந்தயக் களி கிண்டிக் கொடுப்பதும், மாத விலக்கு நாளில் ஊறவைத்த வெந்தயத்தை மோரோடு கொடுப்பதும் தோட்டப்புறங்களிலும் நகர்ப்புறங்களிலும் பாட்டிமார் கைவழக்கம். வெந்தயத்தை நீரில் இட்டால் வழுவழுப்பாகத் திரள்வது அதிலுள்ள கரையும் நார்ப்பொருளால். அந்நார்ப்பொருள் மலச்சிக்கலை இளக்கும். குருதியில் சர்க்கரை விரைந்து ஏறுவதைத் தடுக்கும். நீரிழிவுக்கு மருந்துண்பவர் அளவறிந்தே உண்ண வேண்டும் என்பதும், கருவுற்றிருப்போர் மருந்தளவில் அதனை உட்கொள்ளலாகாது என்பதும் அதன் வீரியத்தாலேயே. தாய்ப்பால் பெருகுமா என்று நடத்திய சிறு ஆய்வுகள் ஒருபடித்தான விடை தரவில்லை. ஆயினும், வெந்தயத்தின் டயோஸ்ஜெனின் புரொஜெஸ்டிரோனாகும் என்று பாட்டிமார் ஒருபோதும் கூறியதில்லை. சூடு தணியும், வயிறு இளகும் என்றே கூறினர்.