ஃபுளோரைடு இல்லாமல் குழந்தைகளின் பற்களைக் காப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைத் தொடர்ந்து குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் கறை படியும். அங்குள்ள பெற்றோர் ஃபுளோரைடுக்கு அஞ்சுவது நியாயமே. ஆனால் சொத்தைப் பல்லையும் தடுத்தாக வேண்டுமே!

பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அது எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது ஆகும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதோடு, ஒரு நாளில் எத்தனை முறை என்பதையும் கவனியுங்கள். இனிப்பைச் சாப்பாட்டோடு கொடுங்கள். இடையில் தண்ணீர் போதும். தேனும் பேரீச்சம்பழமும்கூடப் பல்லுக்குச் சர்க்கரைதான்.

பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்க விடாதீர்கள். முதல் பல் முளைத்ததுமே துலக்கத் தொடங்குங்கள். ஏழு வயதுவரை இரவில் பெரியவர்களே துலக்கிவிட வேண்டும்.

மிஸ்வாக் நபிவழி, பல்லில் படியும் அழுக்கையும் நன்கு நீக்கும். ஆயினும் சிறு பிள்ளைகளின் கடைவாய்ப் பற்களுக்குப் பிரஷும் தேவை. ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களைப் பல் மருத்துவர் 'சீலன்ட்' பூசி அடைத்துவிடலாம்.

ஃபுளோரைடு பேஸ்ட் சொத்தையைக் குறைப்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. எனவே அதை நிறுத்தும் முன், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் உங்கள் கிணற்று நீரைச் சோதித்து, மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். பயன்படுத்தினால், மூன்று வயதுக்குள் அரிசியளவு, அதன்பின் பட்டாணியளவு போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.