மின்தட்டுப்பாடும் சிறுதொழிலும்: கோயம்புத்தூர் வட்டாரம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தொழில் வளர்ச்சிக்கு மின்சாரம் இன்றியமையாதது என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், மின்சாரம் கிடைப்பது வேறு. தடையின்றிக் கிடைப்பது வேறு. இவ்வேறுபாடு தொழில்களை எங்ஙனம் பாதிக்கிறது என்பதனைக் கோயம்புத்தூர் வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் நாம் ஆராய்கின்றோம்.

மின்சாரமும் தொழிற்பரவலும்

கோயம்புத்தூரில் 1888-ஆம் ஆண்டில் எழுந்த முதல் நூற்பாலை நீராவிக் காலத்தைச் சேர்ந்தது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியபின் இவ்வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. 1937-இல் மேட்டூர் மின்நிலையமும் துணைசேர்ந்தது. நீராவி எந்திரம் பெருமுதல் உடையோர்க்கே உரியதாயிருந்தது. மின்மோட்டாரோ ஒரேயொரு லேத்தினை இயக்கவும் ஏற்றது. எனவே வார்ப்படச் சாலைகள், பம்புசெட்டுப் பட்டறைகள், சோமனூர், பல்லடம் பகுதிகளின் விசைத்தறிக் கூடங்கள் போன்றவை சிறு முதலீட்டில் தோன்ற இயன்றது.

மின்வெட்டின் சுமை

நீர்மின்சாரம் பருவமழையை நம்பியது. மழை பொய்த்த ஆண்டுகளில் மின்வெட்டும் உடன் வந்தது. பின்னர் அனல், அணு மின்நிலையங்கள் அமைந்தபோதிலும் தேவை உற்பத்தியை விஞ்சியது. 2008-ஆம் ஆண்டு முதல் உயர் அழுத்த இணைப்புடைய ஆலைகளுக்கு 40 விழுக்காடு வரை மின்வெட்டு விதிக்கப்பட்டது. 2012-இல் சென்னையில் 2 மணி நேரமாக இருந்த மின்தடை, பிற மாவட்டங்கள் பலவற்றில் 10 மணி நேரத்தையும் கடந்தது.

அவ்வாண்டு சூலை 30, 31 ஆகிய நாள்களில் வட இந்தியாவை இருளில் ஆழ்த்திய மின்தொகுப்புச் சீர்குலைவிலிருந்து தென்னகம் தப்பியது. தென்மண்டலத் தொகுப்பு அப்போது தனித்து இயங்கியமையே அதற்குக் காரணமாகும். அத்தனிமையே வெளி மண்டல மின்சாரத்தைப் போதிய அளவில் பெறுவதற்கும் தடையாயிற்று.

மின்தடையால் நேரும் இழப்பு, எந்திரம் நின்ற நேரத்தோடு முடிவதன்று. நூற்பாலையில் எந்திரம் திடுமென நின்றால் இழைகள் அறுகின்றன. மீண்டும் ஒவ்வொன்றாய் இணைத்தாக வேண்டும். மின் உலையில் உருகிய இரும்பு உறைந்தால் உலையே பழுதுறும்.

பெரிய ஆலைகள் டீசல் மின்னாக்கிகளை நிறுவின. பல்லடம், உடுமலை, ஆரல்வாய்மொழிப் பகுதிகளில் சொந்தக் காற்றாலைகளையும் அமைத்தன. கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் சிறு பட்டறைக்கு இவ்வழிகள் எட்டாதவை. டீசல் மின்சாரத்தின் செலவு அதன் கூலியையே விழுங்கிவிடும். வாடகையும் கடன்வட்டியுமோ மின்வெட்டிற்காகக் காத்திருப்பதில்லை.

முடிவுரை

2013 டிசம்பர் 31-இல் தென்மண்டலம் தேசியத் தொகுப்புடன் இணைந்ததும், புதிய மின்நிலையங்கள் செயற்பட்டதும் அடுத்து வந்த ஆண்டுகளில் நெருக்கடியைத் தணித்தன. ஆயினும் இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. சிறுதொழிலை ஈன்றது மின்சாரம். அது தடைப்பட்டபோது முதலில் நலிந்ததும் சிறுதொழிலே. ஆகவே, வளரும் நாடொன்றின் மின்வளத்தை நிறுவப்பட்ட மெகாவாட்டுகளைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. கடைக்கோடிப் பட்டறை இழந்த வேலைநேரமும் அவ்வளவீட்டில் இடம்பெறல் வேண்டும் என்பதே நம் துணிபு.