இச்சையடக்கம்: எதை, யார் அடக்குவது?

யூதேயாவின் ரோமத் தேசாதிபதி பேலிக்ஸ், செசரியாவில் காவலில் இருந்த பவுலை ஒருநாள் வரவழைத்துப் பேச்சைக் கேட்டான். பக்கத்தில் மனைவி துருசில்லாள். பவுல் எடுத்துக்கொண்ட பொருள்கள் மூன்று: நீதி, இச்சையடக்கம், நியாயத்தீர்ப்பு. கேட்கக் கேட்க பேலிக்ஸுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டான். நியாயத்தீர்ப்புக்கு யாரும் பயப்படுவார்கள். நடுவில் உள்ள சொல் அவனை ஏன் சுட்டது என்பதற்கு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பைப் படிக்க வேண்டும். துருசில்லாள் எமேசா மன்னன் அசீசின் மனைவி. அவள் அழகில் மயங்கிய பேலிக்ஸ், ஆள் வைத்துப் பேசி அவளைக் கணவனிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்தவன். போதாததற்கு, பவுலிடமிருந்து பணம் கிடைக்குமா என்றும் பார்த்திருந்தான். அதிகாரத்தில் அரசன், மனத்தில் அடிமை என்ற பொருள்பட அவனைப் பற்றி எழுதிவைத்தார் ரோமாபுரியின் தாசித்துஸ்.

அந்த ஏளனத்தில் பவுலின் சொல்லும் ஒளிந்திருக்கிறது. கிரேக்கத்தில் அது ‘என்கிராத்தேயா’. ‘என்’ என்றால் உள். ‘கிராத்தோஸ்’ என்றால் வலிமை, ஆட்சி. டெமாக்ரசியின் பின்பாதியும் இதுதான். ‘உள்ளாட்சி’ என்று தமிழாக்கினால் பஞ்சாயத்துத் தேர்தல் ஞாபகம் வரும். ஒன்றைத் தன் பிடிக்குள் வைத்திருப்பது என்று கொள்ளலாம். எதைப் பிடிக்குள் வைப்பது என்று இந்தச் சொல் சொல்வதில்லை. இச்சை அதில் இல்லை, உடல் இல்லை, மது இல்லை. காலியாக விடப்பட்ட அந்த இடத்தை யார் யார் எதைக்கொண்டு நிரப்பினார்கள் என்பதுதான் இதன் வரலாறு.

சொல் பவுலுக்கு முந்தியது. நற்குணங்களுக்கெல்லாம் அடித்தளம் இதுவே என்று சாக்ரடீஸ் சொன்னதாக அவர் மாணவர் செனபோன் எழுதுகிறார். அரிஸ்டாட்டில் கொஞ்சம் கறாரானவர். நிக்கோமாக்கிய அறவியலின் ஏழாம் புத்தகத்தில் இரண்டு பேரைப் பிரித்துக் காட்டுகிறார். ஒருவனுக்குத் தகாத ஆசை எழுவதே இல்லை. மற்றவனுக்கு எழுகிறது, ஆனால் அதன் பின்னே அவன் போவதில்லை. என்கிராத்தேயா இந்த இரண்டாமவனுடையது. தத்துவ வகுப்பில் அவனுக்கு இரண்டாம் இடம்தான். சோதனை என்பதை அறிந்த சமயத்துக்கு அவன்தான் சரியான ஆள் என்று எனக்குத் தோன்றுகிறது. நான்கு சுவிசேஷங்களிலும் இந்தச் சொல் ஒருமுறைகூட வராது. ஆனால் சொல்லுக்கு உரிய காரியம் வனாந்தரத்தில் இயேசுவிடம் நாற்பது நாளாக நடக்கிறது. பசியே இல்லாதவரிடம் கல்லை அப்பமாக்கச் சொல்வதில் சோதனை எங்கே இருக்கிறது?

பவுல் இதை விளையாட்டுத் திடலிலிருந்தும் எடுத்தார். கொரிந்துக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இஸ்த்மியா போட்டிகள் நடக்கும். வென்றவனுக்குக் கிடைப்பது வாடிப்போகும் ஓர் இலைக் கிரீடம். அதற்காகவே வீரன் தீனியைக் குறைக்கிறான், குடியை விடுகிறான். சாப்பாடு பாவம் என்பதற்காக அல்ல. ஓட வேண்டும் என்பதற்காக. ஆனால் கலாத்தியருக்கு எழுதும்போது அதே பவுல் இதை ஆவியின் கனிப் பட்டியலில் கடைசியாக வைக்கிறார். பயிற்சி செய்வது மனிதன். கனியை யாரும் பயிற்சி செய்து காய்ப்பதில்லை. அப்படியானால் பிடி யாருடையது? பவுல் இரண்டையும் சொல்லிவிட்டுப் போனார். சபை இன்றுவரை இரண்டு பக்கமும் இழுபடுகிறது.

இரண்டாம் நூற்றாண்டில் ஒரு கூட்டம் இந்தச் சொல்லையே தன் பெயராக்கிக்கொண்டது: என்கிராத்தியர். கல்யாணம் கறை, மாமிசம் விலக்கு, திராட்சரசமும் ஆகாது. சிலர் திருவிருந்திலேயே தண்ணீர் வைத்தார்கள். நான்கு சுவிசேஷங்களை ஒன்றாகப் பின்னிய தாத்தியானை இவர்களோடு சேர்த்துக் கண்டித்தார் ஐரேனியு. அலெக்சாந்திரியாவின் கிளமெந்து ஒரு முழுப் புத்தகத்தையே இந்த வாதத்துக்கு ஒதுக்கினார்: படைத்தவரை வெறுத்துக்கொண்டு அவர் படைப்பிலிருந்து விலகுவது அடக்கமா?

என்கிராத்தியரின் மனநிலையில் சீரிய மொழியில் எழுந்த நூல்தான் ‘தோமாவின் நடபடிகள்’. தோமா இந்தியாவுக்கு வந்த கதையைச் சொல்லும் மிகப் பழைய விரிவான நூல் அதுதான். பயணத்தின் தொடக்கத்திலேயே ஓர் அரச கல்யாணம். மணவறையில் மணமக்கள் தாம்பத்தியமே வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். கடைசியில் தோமா ஈட்டிகளுக்கு இரையாவதும், அரசகுலப் பெண்கள் அவர் பேச்சைக் கேட்டுக் கணவர்களை விலக்கியதால்தான். மயிலாப்பூரிலும் பரங்கிமலையிலும் ஈட்டியை நினைவில் வைத்திருக்கிறோம். நூல் சொல்லும் காரணம் எந்தப் பிரசங்கத்திலும் வருவதில்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கும் சபைக்கு அது சங்கடம்தான்.

லத்தீனில் சொல் வேறுவிதமாகச் சுருங்கியது. பேலிக்ஸ் முன் பவுல் பேசியது வுல்காத்தா மொழிபெயர்ப்பில் கற்பு என்றே ஆகிவிட்டது. கலாத்தியர் பட்டியலில் அடக்கமும் கற்பும் தனித்தனியாக நிற்க, வேறு சொற்களும் சேர்ந்து, ஒன்பது பன்னிரண்டானது. கத்தோலிக்க மறைக்கல்வியில் இன்றும் பன்னிரண்டு. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிப்பது ஒன்பது. அகுஸ்தீன் தம் ‘அறிக்கைகள்’ நூலில் அடக்கத்தை ஒரு பெண்ணாகவே உருவகித்தார்; உன் பலத்தில் ஏன் நிற்கப் பார்க்கிறாய் என்ற தொனியில் அவள் கடிந்துகொள்கிறாள். கட்டளையிடுகிறவரே அதைச் செய்யும் வரத்தையும் தரட்டும் என்று அவர் ஜெபித்தது, மனித முயற்சியை வலியுறுத்திய பெலாகியுவுக்குப் பொறுக்கவில்லை. யார் பிடி என்ற அந்தப் பழைய கேள்விதான் அங்கே சண்டையானது. ஆங்கிலேயர் 1611-இல் ‘டெம்பரன்ஸ்’ என்று போட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அதற்கு மதுவிலக்கு என்று மட்டுமே பொருள் என்பதுபோல் ஆனது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை அது சட்டமாகவும் இருந்து பார்த்தது.

தமிழ் வேதாகமம் காலியிடத்தில் இச்சையை வைத்தது. சபைத் தமிழில் இச்சை என்றால் மாம்ச இச்சை, கண்களின் இச்சை. அங்கே இச்சை என்று வரும் கிரேக்கச் சொல்லே பஸ்காவைச் சீஷரோடு உண்ண இயேசு ஏங்கியதைக் குறிக்கும்போது ‘ஆசை’ ஆகிவிடுகிறது. நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேறு வழியும் இல்லை. 1 கொரிந்தியர் 7-இல் என்கிராத்தேயாவின் வினைச்சொல்லுக்கு ‘விரதம்’ என்று போட்டிருக்கிறார்கள். இன்றைய வாசகர் அதை உபவாசம் என்று எடுத்துக்கொள்வார். 1995-இல் வந்த திருவிவிலியம் ‘தன்னடக்கம்’ என்கிறது. எனக்கு அதில் முழு நிறைவு இல்லை. விருது மேடையில் தலை குனிந்து நிற்கும் நடிகரையும் தன்னடக்கமானவர் என்றுதான் சொல்கிறோம்.

அடக்கம் என்ற பாதி மட்டும் அசையாமல் நிற்கிறது. வள்ளுவர் அடக்கமுடைமையைப் பதின்மூன்றாம் அதிகாரமாக, இல்லறவியலில் வைத்தார். துறவிக்கு ஒதுக்காமல் பிள்ளைகுட்டிக்காரனுக்குச் சொன்னார். கிளமெந்து கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

தமிழ்க் கத்தோலிக்கர் இதைத் தத்துவமாகப் பேசுவதைவிடச் சமையலறையில் வைத்துப் பழகினார்கள். ஒருநாளைக்கு ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு என்றால் ஒருசந்தி. மாமிசம் விலக்கினால் சுத்தபோசனம். இதற்கும் திருச்சபைச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரிய ஒருசந்திக் கடமை பதினெட்டு வயதில் தொடங்குகிறது, அறுபதாம் வயது தொடங்கியதும் நீங்குகிறது. எழுபதிலும் விடாமல் ஒருசந்தி இருக்கும் பாட்டிமாரிடம் இந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.